மாவு டப்பாவில் ஒரு சாவி

மார்ச் 4

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதுவது.

நான் சுகமாக இருக்கிறேன். நீயும் மருமகனும் சுகமா? குளிர் வந்தால் உனக்கு மூச்சு இழுக்குமே, இந்த வருஷம் எப்படி இருந்தது?

இந்த மூன்று வரிகளை எழுத எனக்கு ஒரு முழுப் பகல் ஆனது. யாரோ எழுதிக் கொடுத்தது என்று நினைத்துவிடாதே. ஒவ்வோர் எழுத்தும் உன் அப்பன் கையால் போட்டது. அறுபத்தெட்டு வயதில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன். இங்கே சிறையில் மாலை நான்கு மணிக்கு வகுப்பு. தரையில் உட்கார்ந்து பலகையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். முட்டி வலிக்கும். ஆனாலும் மூன்றரை மணிக்கே போய் இடம் பிடித்துவிடுவேன்.

எனக்குச் சொல்லிக் கொடுப்பவனுக்கு உன் தம்பி வயதுதான் இருக்கும். அடுத்தவர்களின் கையெழுத்தைப் போட்டதற்காக உள்ளே வந்தவன். அவனை இங்கே எல்லோரும் ‘கையெழுத்து’ என்றுதான் கூப்பிடுவார்கள். “யார் கையெழுத்துன்னாலும் ஒரு தடவ பாத்தா போட்டுடுவேன் பெரியவரே. உங்களுது மட்டும் எனக்கு வராது. நண்டு ஊர்ந்த மாதிரி இருக்கு” என்று சிரிக்கிறான். எனக்குப் பெருமையாக இருந்தது. யாராலும் திருட முடியாத கையெழுத்து.

முப்பது வருஷம் டேங்கர் லாரி ஓட்டினேன். ஊர்ப் பெயர்ப் பலகைகளை மனிதர்களின் முகம்போல அடையாளம் வைத்திருந்தேன். இந்த ஊருக்கு வால் உண்டு, அந்த ஊருக்கு இரண்டு கொம்பு. இப்போது அந்த வாலுக்கும் கொம்புக்கும் சத்தம் இருப்பது தெரிந்ததும், ஓடிய ரோட்டிலெல்லாம் இன்னொரு தடவை ஓட ஆசை வந்துவிட்டது. உரிமத்தை ரத்து செய்துவிட்டார்கள். அதனால் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுகிறேன்.

நடந்ததைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. நீ கோர்ட்டுக்கு வராததில் எனக்கு வருத்தம் இல்லை.

பதில் போட்டால் பெரிய எழுத்தாக எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அப்பா
(கைநாட்டு இல்லை, பார்த்தாயா?)


மார்ச் 30

கடிதம் வந்தது. இங்கே இருவரும் சுகம். மூச்சிரைப்பு பரவாயில்லை.

கோர்ட்டுக்கு ஏன் வரவில்லை என்று நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்கிறேன்.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, தினமும் லாரிச் சாவியை மாவு டப்பாவுக்குள் புதைத்து வைப்பேன். குடித்துவிட்டு வண்டி எடுக்கக் கிளம்பும் அப்பா வீட்டையே தலைகீழாகப் புரட்டுவார். சாவி எங்கே என்று அம்மாவை அடிப்பார். அவளுக்கு எப்படித் தெரியும்? ஒரு நாள் பொறுக்க முடியாமல் நானே எடுத்து நீட்டினேன். மாவு அப்பிய சாவியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு நீங்கள் தரையில் உட்கார்ந்து அழுதீர்கள். என் தலையில் கைவைத்து, இனிமேல் தொட மாட்டேன் என்றீர்கள்.

இருபத்து மூன்று வருஷம் தொடவில்லை. அம்மா செத்த அன்றுகூடத் தொடவில்லை. அதைச் சொல்லித்தான் கல்யாணமாகி வந்த வீட்டில் தலைநிமிர்ந்து நின்றேன்.

இப்போது குடித்துவிட்டு வண்டி ஓட்டி, சைக்கிளில் துணி மூட்டையோடு போன ஓர் இஸ்திரிக்காரரை இடித்து, அவர் தோள் எலும்பை உடைத்துவிட்டு, ஒரு வருஷ தண்டனை வாங்கியிருக்கிறீர்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நீ தடுக்கவில்லையா என்று தம்பியிடம் போனில் கேட்டேன். அழுதான்.

எழுதக் கற்றுக்கொண்டது நல்லது. வந்து பார்க்கச் சொல்லி எழுத வேண்டாம்.

நேரத்துக்குச் சாப்பிடவும்.


ஏப்ரல் 11

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதுவது.

நான் சுகம். முட்டி வலி மட்டும் இருக்கிறது. நீ சுகம் என்று உன் கையாலேயே எழுதியதை நானே படித்தேன். அதைவிட வேறு என்ன சுகம் வேண்டும்?

என் வாழ்நாளில் நானாகப் படித்த முதல் கடிதம் உன்னுடையது. மூன்று நாளில் படித்து முடித்தேன். ‘புதைத்து’ என்ற வார்த்தையில் நின்றுவிட்டேன். கையெழுத்து உதவிக்கு வந்தான். நான் காகிதத்தை மூடிக்கொண்டு, “தள்ளிப் போடா, என் மகள் எனக்கு எழுதினது” என்றேன். “அப்படி என்ன பெரியவரே எழுதியிருக்கு?” என்றான். “சுகமா இருக்காளாம்” என்றேன்.

நீ எழுதியது அவ்வளவும் சரி.

படிக்கத் தெரிந்த பிறகு இந்த இடமே மாறிவிட்டது. சோப்புக் காகிதத்தைக்கூட விடுவதில்லை. குழாயடிச் சுவரில் ஒரு பலகை உண்டு. யாரோ பெரிய அதிகாரியின் பெயர் என்று நினைத்து, ஐந்து மாதமாக அதைக் கடக்கும்போதெல்லாம் கொஞ்சம் குனிந்துதான் போவேன். போன வாரம் எழுத்துக் கூட்டினேன். ‘இங்கே எச்சில் துப்பாதீர்.’ நான் சிரித்த சிரிப்பில் காவலர் ஓடி வந்துவிட்டார். நடந்ததைச் சொன்னேன். “இத்தன நாளா அதுக்கா பெருசு வணக்கம் வச்சே?” என்று அவரும் உட்கார்ந்து சிரித்தார்.

தம்பி மாதம் ஒரு தடவை வருகிறான். நல்லபடியாக இருக்கிறான். அவனைக் கோபித்துக்கொள்ளாதே.

மருமகனுக்கு என் அன்பைச் சொல்.

உன் அப்பா


ஏப்ரல் 24

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள். இந்த மாதம் வர முடியவில்லை. நல்ல காரணம்தான். பழைய கம்பெனியை விட்டுவிட்டேன். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். காலையும் மாலையும் பத்தொன்பது பிள்ளைகள். என்மேல் ஒரு வழக்கும் இல்லை என்று போலீஸில் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டுதான் வேலை கொடுத்தார்கள். எல்லாம் உங்களால்தான் அப்பா. உயிர் உள்ளவரை மறக்க மாட்டேன். உங்கள் மருமகளும் இதையே சொல்லச் சொன்னாள்.

நம் வக்கீலைப் பார்த்தேன். மேல்முறையீடெல்லாம் வேண்டாம் என்கிறார். குற்றத்தை ஒப்புக்கொண்டால் அபராதத்தோடு விட்டுவிடுவார்கள் என்றுதான் அவரும் நினைத்தாராம். எலும்பு உடைந்ததால் ஜெயில் ஆகிவிட்டதாம். நன்னடத்தைக்குத் தண்டனையில் கழிவு உண்டு. கண் மூடித் திறப்பதற்குள் நாள் போய்விடும்.

ஒரே ஒரு விஷயம். அக்காவுக்கு நிறைய எழுதுகிறீர்கள் போல. அங்கிருந்து வெளியே போகும் கடிதங்களை அதிகாரிகள் படித்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். அன்றைக்கு நடந்ததைப் பற்றி யாருக்கும் ஒரு வரிகூட வேண்டாம். உங்களுக்குத் தெரியாததில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகன்


மே 6

அன்புள்ள மகனுக்கு அப்பா எழுதுவது.

நான் சுகம். நீயும் மருமகளும் சுகமாக இருக்க வேண்டும்.

வேனில் பத்தொன்பது பேருக்கும் சீட் இருக்கிறதா? பின்கதவுக் கொண்டியை நீயே இறங்கிப் போய்ப் பார். பிள்ளைகளிடம் விடாதே. ரிவர்ஸ் எடுக்கும் முன் ஒரு தடவை வண்டியைச் சுற்றி வா. சின்னப் பிள்ளைகள் கண்ணாடியில் தெரியாது.

ரோட்டோரத்தில் நீ எனக்குக் கொடுத்த வாக்கு உனக்கு ஞாபகம் இருக்கும். எனக்கு ஞாபகம் இருக்கிறது. வேறு ஒன்றும் எழுதவில்லை, நீ சொன்னபடி.

முடிந்தால் இந்த மாதம் வந்து போ. உன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அப்பா


மே 30

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதுவது.

சுகமா? நான் சுகம். நீ இரண்டு மாதமாக எழுதவில்லை. ஆஸ்பத்திரியில் வேலை அதிகமாக இருக்கும். காலை முதல் ஊரார் ரத்தத்தை எல்லாம் சோதித்துச் சீட்டு எழுதுகிறவளுக்குக் கடிதம் எழுத எங்கே நேரம்?

இங்கே மாதம் ஒரு முறை இலவச சட்ட உதவிக்காக ஒரு வக்கீலம்மா வருகிறார். கண்ணாடி போட்ட சின்னப் பெண். எனக்கு ஒரு குறையும் இல்லை, என் தீர்ப்பை நானே படிக்க வேண்டும், அவ்வளவுதான் என்றேன். “இதுக்காக யாரும் என்கிட்ட வந்ததில்ல ஐயா” என்று சொல்லி நகல் வாங்கிக் கொடுத்தார். ஆறு பக்கம்! என்னைப் பற்றி ஆறு பக்கம் எழுதியிருக்கிறார்கள், எனக்கே தெரியாமல். பன்னிரண்டு நாளாகப் படிக்கிறேன். சட்ட வார்த்தைகள் பல்லில் மாட்டுகின்றன. புரிந்த பக்கத்தை உனக்காகப் பார்த்து எழுதியிருக்கிறேன். ‘எதிரி’ என்று இருப்பது நான்தான். எண்களும் எனக்கு வந்துவிட்டன. தப்பிருந்தால் சொல்.

‘எதிரி மதிய விருந்தில் சுமார் பன்னிரண்டரை மணிக்கு மது அருந்தியதாக ஒப்புக்கொண்டார். மாலை மூன்று ஐம்பதுக்கு விபத்து. நான்கு இருபதுக்குச் சம்பவ இடத்தில் ஊதுகருவிச் சோதனை, அளவு முப்பத்தெட்டு, சட்ட வரம்பு முப்பது. ஐந்து பத்துக்கு அரசு மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை, அளவு நூற்றுப் பன்னிரண்டு. இலவச சட்ட உதவி வேண்டுமா எனக் கேட்கப்பட்டதற்கு வேண்டாம் என்றார். எதிரியின் இடது பெருவிரல் ரேகை.’

எப்படி? ஒரு நாளில் இந்தப் பக்கத்தை எழுதி முடித்தேன். கையெழுத்து பார்த்துவிட்டு, “கோர்ட் குமாஸ்தாவே தோத்தாரு” என்றான்.

தம்பி புதன்கிழமை வந்தான். கோடை லீவிலும் சிறப்பு வகுப்பு உண்டாம், வேனில் பிள்ளைகளை இறக்கிவிட்டு நேராக வந்தானாம். காலை பதினோரு மணி. எங்களுக்கு நடுவில் இரண்டு கம்பி வலை. அதைத் தாண்டியும் அவன் வாயிலிருந்து ஏலக்காய் வாசனை வந்தது.

அவ்வளவுதான் செய்தி. மழைக்கு முன் உன் மாத்திரைகளை வாங்கி வைத்துக்கொள்.

உன் அப்பா


ஜூன் 5

சுகம். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நீங்கள் பார்த்து எழுதிய எண்கள் சரிதானா? நகலை மறுபடி எடுத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். நான்கு இருபதுக்கு முப்பத்தெட்டு, ஐந்து பத்துக்கு நூற்றுப் பன்னிரண்டு. இடம் மாறிவிடவில்லையே?

மாறவில்லை என்றால் கேளுங்கள். பன்னிரண்டரைக்குக் குடித்தவர் ரத்தத்தில் நான்கு மணிக்கு அளவு இறங்கிக்கொண்டிருக்கும். ஐந்து மணிக்கு இன்னும் இறங்கியிருக்கும். கருவி மாறினால் கொஞ்சம் முன்னே பின்னே ஆகும், இப்படி மூன்று மடங்கு ஆகாது. உங்களுக்கு ஏறியிருக்கிறது. அப்படியென்றால் வயிற்றுக்குள் போனது அப்போதுதான் போயிருக்கிறது. மூன்று ஐம்பதுக்கு விபத்து. அதற்குப் பிறகு போயிருக்கிறது.

ஆளை இடித்துப் போட்டுவிட்டு ரோட்டோரத்தில் உட்கார்ந்து எதற்காகக் குடித்தீர்கள்?

வண்டியை யார் ஓட்டியது?

வாடையை மறைக்க ஏலக்காய் யார் மெல்லுவார்கள் என்று எனக்கு நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. சின்ன வயதில் அந்த வாசனை வந்தாலே நான் கட்டிலுக்கு அடியில் போய்விடுவேன்.

உடனே பதில் எழுதவும்.


ஜூலை 3

நான்கு வாரம் ஆகிறது. பதில் இல்லை. ஒரு பக்கத்தை ஒரு நாளில் எழுதும் கை இப்போது ஏன் எழுதவில்லை?

நான் இரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அங்கே வந்தேன். சிறைக்கு வரவில்லை. அந்த இஸ்திரிக்காரரைத் தேடிப் போனேன். தெருமுனையில் தகரக் கொட்டகை. வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. இடது கையால் தேய்க்கிறார். காலர் மடங்குகிறது, ஆட்கள் திட்டுகிறார்கள். நான் யாரென்று சொன்னேன். விரட்டுவார் என்று நினைத்தேன். ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

“பெரியவரு எப்படி இருக்காரும்மா? பாவம், அவரு என்ன பண்ணுவாரு, பக்கத்து சீட்லதான இருந்தாரு. ஸ்டீரிங் பக்கமா எறங்கி வந்து என்னத் தூக்குனது சின்னவருதான். ஒரே நாத்தம்” என்றார்.

“இத போலீஸ்ல சொன்னீங்களா?”

“கேட்டாத்தான சொல்ல? பெரியவரு ஒத்துக்கிட்டாரு, கேசு முடிஞ்சுதுன்னாங்க. என்ன கோர்ட்டுக்கே கூப்பிடல.”

திரும்பும் வழியில் பள்ளிக்கூட வாசலில் நின்று பார்த்தேன். தம்பியின் வேன் வந்தது. ஒரு குட்டிப் பெண் இறங்கும்போது அவன் கன்னத்தைக் கிள்ளிவிட்டு ஓடினாள். அவன் என்னைப் பார்க்கவில்லை.

எனக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது. நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்பதுதான் தெரியவில்லை.


ஜூலை 14

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதுவது.

நான் சுகம். நீ சுகமா?

உன் இரண்டு கடிதங்களும் தலையணைக்கு அடியில் இருந்தன. பதில் எழுதாததற்குக் காரணம் கை இல்லை. இந்தக் கடிதத்தை அதிகாரி படிப்பார். படிக்கட்டும். இதில் உள்ளதை நேற்றே கோர்ட்டுக்கு மனுவாக எழுதிக் கொடுத்துவிட்டேன்.

வண்டியை உன் தம்பிதான் ஓட்டினான். அவன் கம்பெனியில் ஒருவர் ஓய்வு பெறும் விருந்து. என்னையும் கூட்டிப் போனான். கிளம்பும்போது அவன் நடையைப் பார்த்து, “சாவிய குடுடா, நான் ஓட்டுறேன்” என்றேன். “அட போங்கப்பா, ரெண்டே ரெண்டுதான்” என்றான். நான் பிடுங்கியிருக்க வேண்டும். ஒன்பது வயதில் நீ செய்ததை அறுபத்தேழு வயதில் நான் செய்யவில்லை.

இடித்த பிறகு இவன்தான் இறங்கி அவரைத் தூக்கினான். வழியில் வந்த ஒரு வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அவர்கள் போனதும் என் காலைப் பிடித்துக்கொண்டான். “என் லைசென்ஸ் போனா பொழப்பே போச்சுப்பா. உங்களுக்கு இனிமே லைசென்ஸ் எதுக்கு? நீங்க ஓட்டினதா சொல்லுங்க. அபராதம் கட்டிட்டு வந்துடலாம். இனிமே தொடமாட்டேன், சத்தியம்” என்றான். சரி என்று அந்தப் பக்கம் ஏறி உட்கார்ந்தேன். அவன் உயரத்துக்குப் பின்னால் தள்ளிய சீட். எனக்குப் பெடல் எட்டவில்லை. அதை ஒருவரும் பார்க்கவில்லை.

அப்புறம் சொன்னான். “வண்டியே நாறுது. ஊதி உங்களுக்கு ஒண்ணும் வரலன்னா, அப்ப யாருடா ஓட்டினதுன்னு என்னப் பாப்பாங்க.” சீட்டுக்கு அடியில் கால் பாட்டில் இருந்தது. எடுத்து நீட்டினான்.

குடித்தேன். நின்றுகொண்டே, ஒரே மூச்சில்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கடிதமும் கைநாட்டுதான். நெஞ்சு எரிந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனால் நன்றாக இருந்தது, மகளே. இருபத்து மூன்று வருஷம் எனக்காக எங்கேயோ காத்துக்கொண்டு நின்றதுபோல் இருந்தது. அதை நினைத்தால்தான் இங்கே எனக்குத் தூக்கம் வருவதில்லை.

ரோடெல்லாம் அவருடைய துணிகள் கிடந்தன. தேய்த்து மடித்தவை. நான் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, உட்கார்ந்து மடிக்க ஆரம்பித்தேன். போலீஸ்காரர் வந்து, “என்ன பெரியவரே, கடைய இங்கயே போட்டாச்சா?” என்றார். அவர் முகத்துக்கு நேரே ஊதினேன்.

வக்கீலம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். “உங்க வக்கீலா நான் நல்லது சொல்லணும்னா, பேசாம இருங்கன்னுதான் ஐயா சொல்லணும். கழிவு போக மூணே மாசம். வெளிய வந்துடுவீங்க. இத எழுதினா, பொய் வாக்குமூலம் குடுத்தீங்கன்னு உங்கமேல புதுசா ஒரு வழக்கு வரும். உங்க மகன் மேலயும் வரும்.”

“வேன்ல பத்தொம்பது பிள்ளைங்கம்மா” என்றேன்.

கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். “நான் எழுதட்டுமா, நீங்களே எழுதுறீங்களா?”

நானே எழுதினேன். இரண்டு பக்கம், நான்கு நாள். அடியில் என் பெயரை எழுதினேன். மை டப்பாவை எடுத்து வைத்திருந்த சிறைக் குமாஸ்தா அதை மூடிவிட்டார். கோர்ட் இதைப் பார்க்கச் சில வாரம் ஆகுமாம். அதுவரை அவன் தினமும் காலையில் வேனை எடுப்பான். அதுதான் பயமாக இருக்கிறது. என்னால் இங்கிருந்து ஒன்றும் செய்ய முடியாது.

உன் அப்பா


ஜூலை 22

அப்பாவுக்கு,

சுகம்.

உங்கள் கடிதம் பதினெட்டாம் தேதி கிடைத்தது. அன்று மாலையே ரயில் ஏறினேன். பத்தொன்பதாம் தேதி காலை ஏழு மணிக்குத் தம்பி வீட்டு வாசலில் இறங்கினேன். வேன் கிளம்பத் தயாராக நின்றது. சாவி அதிலேயே தொங்கியது. எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

வெளியே வந்தவன் சிரித்தான். “என்னக்கா திடீர்னு? சாவிய குடு, நேரமாச்சு.”

வாயில் ஏலக்காய்.

“தர மாட்டேன்.”

“வெளையாடாதக்கா. புள்ளைங்க ரோட்ல நிக்குதுங்க.”

“நிக்கட்டும். நிக்கிறது ஒண்ணும் ஆபத்தில்ல.”

அவன் என் கையை முறுக்கினான். அப்பா எப்படி அம்மாவின் கையை முறுக்குவாரோ, அதே மாதிரி. அவன் பெண்டாட்டி குறுக்கே வந்து, என்னைத்தான் பிடித்துத் தள்ளினாள். நான் அங்கே நின்றே பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்தேன். தலைமையாசிரியை போலீஸோடு வந்தார். ஊதச் சொன்னார்கள். காலை ஏழு நாற்பதுக்கு அறுபத்து நான்கு. உங்களைப் போல நானும் எண்ணைக் குறித்துக்கொண்டேன்.

இஸ்திரிக்காரர் சாட்சி சொல்ல வருவார். இடித்தவனையும் பார்த்துவிட்டேன், இடிக்காதவரையும் பார்த்துவிட்டேன், எனக்கு வரவேண்டிய நஷ்டஈட்டை யாரிடம் கேட்பது என்றுதான் தெரியவில்லை என்றார்.

நீங்கள் எழுதியதை நம்புகிறேன். மன்னித்துவிட்டேன் என்று எழுத இரண்டு தடவை முயற்சி செய்தேன். வரவில்லை. நான் பிறந்து, சாவியை ஒளித்து வைத்து, எனக்காகக் குடியை விட உங்களுக்கு ஒன்பது வருஷம் ஆனது. அவனுக்காகக் குடிக்க ஒரு நிமிஷம் போதுமாக இருந்தது.

வீடு வந்து பையைத் திறந்தபோதுதான் வேன் சாவி இன்னும் என்னிடமே இருப்பது தெரிந்தது. அமளியில் யாரும் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். அதுவரை மேஜைமேல் வைக்க மனம் வரவில்லை. மாவு டப்பாவில் போட்டு மூடியிருக்கிறேன்.

வெந்நீரில் முட்டிக்கு ஒத்தடம் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

மகள்


ஆகஸ்ட் 9

வேலை போயிற்று. லைசென்ஸை எடுத்துக்கொண்டார்கள். என்மேல் இரண்டு வழக்கு. உங்கள் மருமகள் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். தெருவில் நடந்தால் அந்தப் பிள்ளைகளின் அம்மாக்கள் காறித் துப்புகிறார்கள்.

எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டது எதற்கு? என் கழுத்தை அறுக்கவா? கைநாட்டாக இருந்தவரைக்கும் நல்ல அப்பாவாக இருந்தீர்கள்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம்.


செப்டம்பர் 20

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதுவது.

நான் சுகம். நீயும் மருமகனும் சுகமா? உன் கடிதத்தில் ‘அப்பாவுக்கு’ என்ற முதல் வார்த்தையை மட்டும் தனியாக நான்கைந்து தடவை படித்தேன்.

என் வழக்கு முடிந்தது. பழைய தீர்ப்பை மேல்கோர்ட் ரத்து செய்துவிட்டது. பொய் சொன்னதற்காக ஆறு மாதம் கொடுத்திருக்கிறார்கள், புதிதாக எண்ண வேண்டும். வக்கீலம்மா, வயதைச் சொல்லிக் குறைக்கக் கேட்கலாம் என்றார். வேண்டாம் என்றேன். இந்தத் தடவை நான் உண்மையிலேயே செய்த குற்றத்துக்குத்தான் உள்ளே இருக்கிறேன். அது ஒரு மாதிரி நிம்மதி. தீர்ப்பு நான்கே பக்கம். ஒரே நாளில் படித்துவிட்டேன்.

உன் தம்பி வழக்கு அடுத்த மாதம். வக்கீல் வைக்க அவனுக்கு வழியில்லை. இலவச சட்ட உதவி உண்டு, மாஜிஸ்திரேட் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடாதே, என்னைப் போல ஏமாறாதே என்று அவனுக்கு ஒரு கடிதம் எழுதினேன். அவன் எழுத வேண்டாம் என்றிருந்தான். எனக்கு மனம் கேட்கவில்லை. மூன்று பக்கம். இதுவரை நான் எழுதியதிலேயே நீளமானது அதுதான். எழுத்தும் அழகாக வந்திருந்தது.

நேற்று அது திரும்பி வந்தது. பிரிக்கவில்லை. உறையின்மேல் பேனாவால் ஏதோ எழுதியிருந்தது. கையெழுத்து எட்டிப் பார்த்துவிட்டு, “குடுங்க பெரியவரே, நான் படிச்சு சொல்றேன்” என்று கையை நீட்டினான். நல்ல பையன். படித்திருந்தால், ஆள் வெளியூர் போயிருக்கிறார் என்றோ, வீடு பூட்டியிருக்கிறது என்றோ எனக்காக ஏதாவது சொல்லியிருப்பான். வாழ்நாள் முழுதும் எனக்கு எல்லோரும் அப்படித்தான் படித்துச் சொல்லியிருப்பார்கள் போலிருக்கிறது.

நான் கொடுக்கவில்லை. நானே படித்தேன். உன் தம்பியின் எழுத்து. சின்ன வயதிலிருந்தே ஓரம் சாய்ந்த எழுத்து என்று அவன் அம்மா சொல்வாள்.

‘அனுப்பியவர் யாரென்று எனக்குத் தெரியாது.’

ஒரு வார்த்தையிலும் நான் நிற்கவில்லை, மகளே. ஒரே மூச்சில் படித்துவிட்டேன்.

குளிர் வரப் போகிறது. மாத்திரையை மறக்காதே.

உன் அப்பா